இரண்டு தரம் மாற்றிய ஸ்பிரிங்

போன கிழமை குளிர்கால ரயர் போடுவதற்காகக் காரைக் கராஜில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேலை நடக்கிற பக்கத்துக் கதவை யாரோ திறந்தார்கள். துருப்பிடித்த நட்டுகளை இளக்குவதற்கு அடிப்பார்களே ஓர் எண்ணெய், அதன் வாசனை வந்தது. மண்ணெண்ணெயும் அழுகிய வாழைப்பழமும் கலந்தது போன்ற வாசனை. உங்களுக்கு அது தலையிடியைத் தரும். எனக்கு அது இருபது வயதுகளின் முடிவைத் தரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பின்னாலேயே ஒரு பெண் வந்து, என் காரின் பின்பக்கத்து ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது, எங்கேயோ குழிக்குள் விட்டிருக்கிறீர்கள், கவலைப்பட வேண்டாம், இரண்டு மணித்தியாலத்தில் மாற்றித் தருகிறோம் என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி வரும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கோப்பி கொண்டுவந்து தந்தாள்.

இரண்டு மணித்தியாலம்! அதே வேலைக்கு நான் ஒரு காலத்தில் நான்கு சனிக்கிழமைகளையும் ஒரு கைவிரல் நகத்தையும் ஒரு நல்ல பெண்மணி என்மீது வைத்திருந்த மரியாதையையும் செலவழித்தவன். அதையும் இரண்டு தரம் செய்தேன். முதல் தரம் பிழையாக.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. அப்போது நான் சென்-மிஷேலில் ஒரு ரயர் கடையில் வேலை செய்தேன். மொன்றியலில் வருடத்துக்கு இரண்டு தரம் ஊர் முழுவதும் ரயர் மாற்றும். நவம்பரில் கழற்றிப் பூட்டுவோம், ஏப்ரலில் பூட்டியதைக் கழற்றுவோம். இந்த உயர்ந்த தொழில்நுட்ப அறிவை வைத்துக்கொண்டு நான் ஒரு மெக்கானிக் என்று நானும் நம்பினேன், சுற்றியிருந்த தமிழர்களும் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் போர்வை தோய்க்கிறவரிடம் நாங்கள் நோய்க்கு ஆலோசனை கேட்டோம். வக்கீல் கந்தோரில் நிலம் துடைக்கிறவர் எங்கள் அகதி வழக்குகளுக்கு வழி சொன்னார். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் எஞ்சினியர்.

நான் இருந்தது மூன்று மாடி வீடொன்றின் நிலக்கீழ் அறையில். இந்த நகரத்து வீடுகளின் படிக்கட்டுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருடத்தில் ஐந்து மாதம் ஐஸ் உறைகிற ஊரில் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைக்கவேண்டும் என்று எவரோ ஒரு மேதை முடிவெடுத்திருக்கிறார். அது போதாதென்று இரும்பில் செய்யவேண்டும் என்றும், அதுவும் போதாதென்று முறுக்கிவிடவேண்டும் என்றும் முடிவெடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பின்படிக்கட்டு வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற குறுகிய ஒழுங்கைக்கு இறங்கும். ஒழுங்கையில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள்தான் அந்தக் கார்.

காரின் சொந்தக்காரர் என் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்த அன்ரன் அண்ணை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். நகரத்தின் மறுமுனையில், லாசாலில் ஒரு களஞ்சியத்தில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டினார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த வெள்ளைக்காரர் ஓய்வு பெற்று வெயில் தேடி புளோரிடாவுக்குப் போகும்போது தன் காரை அன்ரன் அண்ணைக்கு விற்றுவிட்டுப் போனார். எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, என்னைவிட நாலைந்து வயது மூத்த அமெரிக்கக் கார். மூக்கு நீளம், பின்பக்கம் கட்டை. நேராகவும் வேகமாகவும் போவதற்காகச் செய்யப்பட்டது. உலகத்தில் வளைவு என்று ஒன்று இருப்பதை அதைக் கட்டியவர்களுக்கு யாரும் தெரிவித்திருக்கவில்லை. அதை ஸ்டார்ட் பண்ணினால் மூன்று வீடு தள்ளி இருக்கிற குழந்தை எழும்பி அழும். ஆனால் அன்ரன் அண்ணை பக்கத்தில் நின்று, ஏதோ பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல் தலையை ஆட்டுவார்.

அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா மன்னார்ப் பக்கம். அக்கா ஒரு கார்டெரியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சமையல் வேலை செய்தார். அந்தக் காருக்கு அவர் வைத்த பெயர் எருமை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேலை உடுத்துக்கொண்டு இரண்டு கதவுக் காரின் பின் சீற்றிலிருந்து இறங்குவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன் சீற்றில் இருக்கலாமே என்று கேட்பீர்கள். முன் சீற்றில் அக்காவின் தாயாரை இருத்தவேண்டும், அவருக்கு முழங்கால் வருத்தம். ஆகவே அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கோவில் வாசலில், பங்குமக்கள் எல்லோரும் பார்த்திருக்க, முதலில் ஒரு கால், பிறகு ஒரு கை, பிறகு தலை என்று தவணை முறையில் வெளியே வந்தார். மூன்று வருடங்களாக அந்தக் காரை விற்கச் சொல்லி அவர் நடத்திய போராட்டத்தின் சத்தம் என் அறையின் கூரையைத் தாண்டி எனக்குக் கேட்கும். அன்ரன் அண்ணை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு ஜனவரி மாதம், கொட்டில் கூரையில் பனி கூடிவிட்டதோ, கூரை காருக்கு மேலே விழுந்துவிடுமோ என்று பார்க்க அவர் பின்படிக்கட்டால் இறங்கினார். கூரை விழவில்லை. அவர் விழுந்தார். பத்துப் படி. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேலே ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு அவர் இறங்கியது இரண்டே தரம்.

நட, நட, நடந்தால்தான் சுகம் வரும் என்றார் டாக்டர். சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு தரம் டாக்ஸி பிடித்தார்கள். மொன்றியல் வீதிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பனி உருகும்போது வீதியும் சேர்ந்து உருகும். நகரசபை ஒவ்வொரு குழிக்கும் ஒரு செம்மஞ்சள் கூம்பைத் துணைக்கு வைத்துவிட்டுத் தன் கடமையை முடித்துக்கொள்ளும். இரண்டாம் தரம் திரும்பி வந்தபோது அன்ரன் அண்ணையின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அன்றிலிருந்து ஒழுங்கையைப் பார்த்த, குசினிப் பக்கத்துப் பால்கனிக் கதவோடு ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு குளிர்காலம் போனது, ஒரு கோடை போனது, மறுபடி ஒரு குளிர்காலமும் போனது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் ஜெசிந்தா அக்கா என் அறைக்கு வந்தார். அவர் அதற்கு முன் அங்கே வந்ததில்லை. உட்காரக் கதிரை இல்லாததால் ஊத்தை உடுப்பு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த எருமையைத் திருத்த ஏலுமோ?"

"ஏனக்கா, விக்கப் போறியளோ?"

"அவரே விக்கச் சொல்லிப்போட்டார். ஆத்துக்கு அங்காலை லாவாலிலை ஒரு பெடியன் இந்த மாதக் கடைசியிலை பாக்க வாறானாம்."

"அப்ப நல்லதுதானே. மூண்டு வருசமா அதைத்தானே கேட்டனீங்கள்" என்றேன். எனக்கு எப்போதும் சந்தோசமான பக்கம்தான் முதலில் கண்ணில் படும்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் கேக்கேக்கையெல்லாம் மாட்டன் எண்டு சண்டை பிடிச்ச மனிசன் தம்பி. நேற்று நான் ஒண்டும் கேக்கேல்லை. தானாச் சொல்லுறார், வித்துப்போடு, இனி எனக்கு என்னத்துக்கு எண்டு. எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார்.

"டாக்ஸிக்கு இனி அவர் இறங்கமாட்டார். வேறை ஆக்களின்ரை காருக்கும் இறங்கமாட்டார். இறங்கினா உந்த எருமைக்குத்தான் இறங்குவார். ஆனா அதின்ரை பின்பக்கம் குழியிலை விழேக்க நடுமுதுகிலை அடிக்கிற மாதிரி அடிக்கும். எனக்குத் தெரியும், நான்தானே பின்னுக்கு இருந்தனான். அதை மெதுவாக்கித் தாரும். பஞ்சு மாதிரி வேணும்."

"ஓம் அக்கா, அது சின்ன வேலை" என்றேன்.

இந்த இடத்தில் குகனைப் பற்றிச் சொல்லவேண்டும். குகன் என் சிநேகிதன். அவனிடம் கம்பியூட்டர் இருந்தது, இன்ரநெற் இருந்தது. பழைய அமெரிக்கக் கார் பைத்தியங்கள் கூடிக் கதைக்கிற தளங்களில் இரவுபகலாகக் கிடந்தான். வாழ்நாளில் ஒரு நட்டைத்தானும் கழற்றாதவன் என்பதால் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. காருக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு ஐம்பது பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்தான்.

காரின் பின்பக்கம் மிகவும் எளிமையானது. லொறிகளுக்குக் கீழே பார்த்திருப்பீர்கள், வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். அப்படி இடப்பக்கம் ஒரு கட்டு, வலப்பக்கம் ஒரு கட்டு. பின் சில்லுகளின் அச்சு அந்த இரண்டிலும் பூட்டியிருக்கும். அந்தத் தகட்டுக் கட்டுதான் ஸ்பிரிங். அன்ரன் அண்ணையின் காரில் அது முப்பது வருடம் பாரம் சுமந்து வளைவெல்லாம் போய்த் தட்டையாகிக் கிடந்தது. அதனால் சில்லு குழியில் விழுந்தவுடன் அச்சு மேலே வந்து காரின் உடம்போடு முட்டும். அக்கா சொன்ன அடி அதுதான். பழையது மாதிரியே புதிதாக இரண்டு கட்டு வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"மச்சான், பழையபடி போடுறது வேஸ்ட்" என்றான் குகன். "இது என்ன கார் எண்டு யோசி. பின்பக்கம் இறுக்கமா இருக்கவேணும். இல்லாட்டி நிண்ட இடத்திலையிருந்து வேகமா அடிச்சு எடுக்கேக்க பின் ரயர் ரெண்டும் துள்ளும். செய்யிறதெண்டா அப்கிரேட்டாச் செய்யவேணும்."

யார் அடிச்சு எடுக்கப் போகிறார்கள், முதுகு வெட்டின மனிசனோ என்று நான் அன்று கேட்டதாக எழுத எனக்கு ஆசைதான். கேட்கவில்லை. அப்கிரேட் என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருந்தது. நாங்கள் எல்லோருமே அப்போது எதையாவது அப்கிரேட் பண்ணிக்கொண்டிருந்தவர்கள்.

அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்தன ஸ்பிரிங்குகள். தடித்த தகடுகள், ஓட்டப் பந்தயக்காரர்களுக்கு என்றே செய்தவை. ஸ்பிரிங்கின் இரண்டு நுனிகளிலும் ரப்பர் உருளை போடுகிற இடத்தில் போட இறுகிய பிளாஸ்ரிக். பழையதைக் கழற்றுவதற்கு மட்டும் ஒரு முழுச் சனிக்கிழமை போனது. குளிர்காலத்தில் இந்த நகரம் வீதிக்கு உப்பைக் கொட்டும், உப்பு போல்ட்டுகளைத் தின்னும். எண்ணெய் அடித்தோம், தட்டினோம், சூடாக்கினோம். ஸ்பானர் வழுக்கி என் நடுவிரல் நகம் போனது. குகன் எனக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டாம் பக்கத்தை உரத்து வாசித்தான். அடுத்த சனிக்கிழமை புதியதைப் பூட்டி முடித்தபோது காரின் பின்பக்கம், நாயைக் கண்ட பூனை மாதிரி, அரை அடி உயர்ந்து நின்றது. நாங்கள் தள்ளி நின்று அதன் அழகைப் பார்த்தோம்.

அன்ரன் அண்ணையை இறக்குவதற்கு அரை மணித்தியாலம் பிடித்தது. காருக்காக என்றதும் அவர் மறுக்கவில்லை, அக்கா சொன்னது சரிதான். ஆனால் அவர் விழுந்த பின்படிக்கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்படியால் இறங்கினார். நான் அவருக்கு முன்னால், அக்கா பின்னால். வெளிச்சத்தில் அவருடைய முகம் காகிதம் போல இருந்தது. முன் சீற்றில் இருத்தினோம், அக்கா பின்னால் ஏறினார், நான் ஓட்டினேன்.

முதல் குழி ஐம்பது மீற்றர் தூரத்தில். ஒரு கல்லை இன்னொரு கல்லால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் அன்ரன் அண்ணை கதவுப் பிடியைப் பிடித்தார். மூன்றாவதில் கண்ணை மூடினார். ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் தலையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தம்பி, வீட்டை விடும்" என்றார். அவருடைய குரல் அழுகிற குரல். ஒரு பெரிய மனிதர் அழுவதைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் வீதியைப் பார்த்தேன். பார்த்தும் எல்லாக் குழிகளிலும் விட்டேன். தவிர்க்க முடியாது, அங்கே வீதி குறைவு.

ஏற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் போனது. மேல் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவர் அக்காவிடம் சொன்னார்: "அந்த லாவால் பெடியனைக் கெதியா வரச் சொல்லும்."

பின்னேரம் அக்கா ஒழுங்கைக்கு வந்தார். நானும் குகனும் காருக்குப் பக்கத்தில் நின்றோம்.

"நான் உம்மட்டை என்ன கேட்டனான்?"

"மெதுவாக்கச் சொன்னனீங்கள்."

"நீர் என்ன செய்தனீர்?"

"அப்கிரேட் பண்ணினனான் அக்கா."

"ஆருக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். குகன் கையிலிருந்த காகிதங்களை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அக்கா கொட்டிலுக்குள் போய், கழற்றிப் போட்டிருந்த பழைய ஸ்பிரிங்கிலிருந்து நீளமான தகட்டைக் காட்டி, "இதை எடும்" என்றார். நான் எடுத்தேன். சென்-மிஷேலில், கல்லுடைத்த பெரிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம், லொறிகளுக்கு ஸ்பிரிங் அடித்துக் கொடுக்கிற பட்டறை ஒன்று இருந்தது. அக்கா தினமும் கார்டெரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அதன் பலகையை வாசித்து வைத்திருந்திருக்கிறார். நான் அதே வீதியில் மூன்று வருடம் வேலை செய்தவன், எனக்குத் தெரியாது. ஏனென்றால் பலகை பிரெஞ்சில் இருந்தது.

வந்து சேர்ந்த புதிதில் எங்கள் எல்லோரையும் அரசாங்கம் பிரெஞ்சு வகுப்பில் இருத்தியது. நாங்கள் உதவித்தொகைக்காக இருந்தோம். அக்கா படிப்பதற்காக இருந்தார், இப்படியும் சில விசித்திரமான மனிதர்கள். மீதியை அவர் கார்டெரியில் மூன்று வயதுக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய பிரெஞ்சு முழுக்கக் கட்டளையாகத்தான் இருக்கும். இரு, வாயைத் திற, கையைக் காட்டு, எறியாதே.

தகட்டோடு நாங்கள் போனபோது எதிரே வந்த பட்டறைக்காரர் ஒரு பெரிய உருவம், கைகள் கரி. தகட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு உரத்த குரலில் ஏதோ சொன்னார். இந்த ஊரில் கோபம் வந்தால் கோவிலில் இருக்கிற புனிதப் பொருட்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லித் திட்டுவார்கள். நற்கருணைப் பேழை, இரசக் கிண்ணம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை போலும், மூன்று வயதுக்காரர்களும் சொல்லவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "பாவம், நல்ல பக்தியான மனிசன்" என்றார்.

புதிது போட்டும் அடிக்கிறது என்று அக்கா சொல்ல, பட்டறைக்காரர் ஏதோ கேட்டார். அக்கா எனக்கு மொழிபெயர்த்தார். "கடைசி இறுக்கு இறுக்கேக்க காரின்ரை பாரம் ரயரிலை நிண்டதோ, அல்லது கார் ஜக்கிலை தூக்கினபடி, பின் சில்லு தொங்கிக்கொண்டிருந்ததோ எண்டு கேக்கிறார்."

கார் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தொங்கும்போதே இறுக்கினால் ஸ்பிரிங்கின் நுனிகள் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு பாரம் இறங்கும்போது தாராளமாக அசையாது என்பது, கேள்வி கேட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"பாரத்திலை நிண்டதுதான்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அவரிடம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என் பதிலைவிட நீளமாக இருந்தது. மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னக்கா சொன்னீங்கள்?"

"தொங்கிச்சுது எண்டு சொன்னனான்."

பிறகு அவர்கள் இருவரும் கதைத்தார்கள். எனக்கு இப்போதும் அந்தக் காட்சி தெரிகிறது. அக்கா கரி படிந்த மேசையில் விரலால் ஒரு முதுகெலும்பைக் கீறி, வெட்டிய இடத்தைக் காட்டினார். மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கணவருடைய நிறை என்ன, உங்களுடைய நிறை என்ன, எத்தனை பேர் ஏறுவீர்கள், எந்தப் பக்கம் இருப்பார், எந்த வீதியால் போவீர்கள் என்று கேட்டு அதே மேசையில் எழுதினார். காருக்குள் யார் இருக்கப் போகிறார்கள் என்பது ஸ்பிரிங்கோடு சம்பந்தப்பட்ட விசயம் என்று அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. தடித்த தகடுகளுக்குப் பதில் மெல்லிய தகடுகளைக் கூட அடுக்கி, பழைய வளைவிலேயே செய்து தருகிறேன், நுனிக்கு ரப்பர் போடுங்கள், கூடவே அதிர்வைத் தாங்குகிற ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றுங்கள் என்றார். ஐந்து நாள் கேட்டார். அக்கா நான்கு நாள் என்றார். மனிதர் இரசக் கிண்ணத்தை இன்னொரு தரம் அழைத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை போட்டதைக் கழற்றினோம். நான்காவது சனிக்கிழமை பூட்டினோம். அடுத்த நாள் லாவால் பெடியன் வருவதாக இருந்தது. அன்ரன் அண்ணையின் நீல வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையில் துவாய் கட்டிக்கொண்டு அக்கா வந்தார். கணவர் மேலே பால்கனிக் கதவடியில் உட்கார்ந்திருந்தார். குகன் புதிதாக அச்சடித்த பக்கங்களோடு வந்தான். அக்கா அவற்றை வாங்கிப் பக்குவமாக நிலத்தில் விரித்து, அதன்மேல் நட்டுகளை ஒழுங்காக அடுக்கினார். அந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் பயன் அது.

கடைசி இறுக்குக்கு முன், ஒழுங்கையில் ஜக்கில் நின்ற காரைக் கீழே இறக்கினோம். "அவர் இருக்கிற இடத்திலை நீர் இரும்" என்று குகனை முன் சீற்றில் இருத்தினார். குகன் மெலிந்தவன், கணக்குச் சரிவரவில்லை. அவன் மடியில் ஓர் அரிசி மூட்டையை வைத்தார். பின் சீற்றில் தனக்குப் பதிலாக இன்னும் இரண்டு மூட்டை. பிறகு நான் தடுக்கத் தடுக்க ஒரு காட்போட் மட்டையை விரித்துக் காருக்குக் கீழே ஊர்ந்து போனார். நான் மறுபக்கத்தால் போய் லைற் பிடித்தேன். நீண்ட பிடி போட்ட ஸ்பானரை இரண்டு கையாலும் இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் வந்தது.

"இடப்பக்கத்து முன் போல்ட்டு இறுக்கினதோ?"

அன்ரன் அண்ணை. பால்கனிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் கை நின்றுவிட்டது. காருக்குக் கீழே அவருடைய முகத்துக்கும் என் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்தான். அவருடைய கண் நிறைந்திருந்தது. ஆனால் குரலில் அது ஒன்றும் வரவில்லை.

"எனக்கென்ன தெரியும்? இறங்கி வந்து பாருங்கோ!"

குகன் அரிசி மூட்டையோடு அசையாமல் இருந்தான். பிறகு இரும்புப் படியில் ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பின்படிக்கட்டு. நான் வெளியே வர நகர்ந்தேன், அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "போகாதையும்." ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி அடுத்த படிக்கு நகர்ந்து, சின்னப்பிள்ளை இறங்குகிற மாதிரி அவர் தனியாக இறங்கினார். நாங்கள் இருவரும் காருக்குக் கீழே படுத்தபடி அவருடைய செருப்புக் கால்கள் ஒவ்வொரு படியாகக் கீழே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காரடிக்கு வந்து, அதன் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முதலில் கேட்டது: "உவன் ஏன் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்?"

நான் ஓட்ட, அதே வீதியால்தான் போனோம். முதல் குழி வந்தது, போனது. கார் ஒருமுறை குனிந்து எழுந்தது, அவ்வளவுதான். ரயில் பாதையில் அவர் கதவுப் பிடியைப் பிடித்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். கொஞ்சத் தூரம் போனதும், "நிப்பாட்டும்" என்றார். நான் ஓரமாக நிறுத்தினேன்.

"இஞ்சாலை வந்து இரும் தம்பி. நான் ஓட்டுறன்."

நகரத்தைக் குறுக்கே கடந்து லாசாலுக்கு ஓட்டினார். தான் வேலை செய்த களஞ்சியத்தின் முன்னால் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. ஆற்றுத் தண்ணீர் பாறைகளில் மோதி நுரைத்து ஓடுகிற இடத்தில் நிறுத்தி, தானாக இறங்கி, காரில் சாய்ந்து நின்றார். வலித்ததா என்றால் வலித்தது, அது எனக்குத் தெரிந்தது. அக்கா வழக்கம் போல முதலில் ஒரு கால், பிறகு ஒரு கை என்று வெளியே வந்து, வேலை உடுப்பில் ஒட்டியிருந்த துருவைத் தட்டினார்.

"இப்ப வேணுமெண்டா வில்லுங்கோ" என்றார்.

அன்ரன் அண்ணை சிரித்தார். ஒன்றரை வருடமாக அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

லாவால் பெடியனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதுகு முற்றாகச் சுகமாகவில்லை. இப்படியான கதைகளில் சுகமாகவேண்டும், ஆனால் ஆகவில்லை. களஞ்சிய வேலைக்கு அவர் திரும்பவில்லை. கார் நிறுத்துமிடமொன்றில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து சீட்டுத் துண்டு கொடுக்கிற வேலைக்குப் போனார். தினமும் பின்படியால் இறங்கினார். நாலு வருடம் கழித்து ஒரு நல்ல நாளில், யாரும் கேட்காமல், தானே காரை விற்றார். அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை.

இப்போது அந்தத் தகரக் கொட்டில் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் பெரிய கண்ணாடி வைத்த அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. கல்லுடைத்த பள்ளத்தை நிரப்பிப் பூங்காவாக்கிவிட்டார்கள். இவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்பத் தெரிந்த நகரசபைக்கு வீதியில் கிடக்கிற சின்னக் குழிகள் மட்டும் கண்ணில் படுவதில்லை. குகன் ரொறன்ரோவுக்குப் போய் வீடு விற்கிறான், இன்னமும் அவனுக்கு எதிலும் சந்தேகமில்லை. நான் ரயர் கடையை விட்டு ஒரு கந்தோரில் காப்புறுதிப் பத்திரங்கள் பார்க்கிறேன். நாடு ஒரு மெக்கானிக்கை இழந்தது, யாரும் கவனிக்கவில்லை.

ஜெசிந்தா அக்கா போய் இரண்டு வருடமாகிறது. புற்றுநோய். ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது.

எங்கள் தமிழில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. உங்களுக்குத் தெரிந்திருக்கும், பேசுவது என்றால் திட்டுவது. அன்ரன் அண்ணையோடு கதைப்பதற்கு நான் மாதத்தில் ஒருநாள் போகிறேன். படியில்லாத வீடு, கீழ் மாடி. போன மாதம் அவருடைய சின்னக் காரில் மீன் வாங்கப் போனோம். இரண்டு பேரும் அரசியலைப் பற்றி மும்முரமாகக் கதைத்துக்கொண்டிருந்ததில் அவர் ஒரு பெரிய குழிக்குள் விட்டார். என் கையிலிருந்த தேத்தண்ணி முழுவதும் புதுச் சீற் உறையில் கொட்டியது.

நாங்கள் இருவரும் கதையை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தோம். பின் சீற்றிலிருந்து ஒருவரும் பேசவில்லை.